வில்லுக்கரையில் இரு காற்றுகள்



புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் என்றதும் உப்பளங்களும் இறால் பண்ணைகளும் கற்பிட்டியின் மீன் வாடிகளுமே பெரும்பாலோர் மனத்தில் எழுகின்றன. ஆயினும் வண்ணாத்திவில்லைத் தாண்டி, எலுவன்குளத்தருகே கலா ஓயாவைக் கடந்து வடக்கே செல்பவர், கடற்காற்று முகத்தில் படும்போதே அடர்ந்த காட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். அந்தக் காட்டில் தந்தையோடோ மாமனோடோ மான் வேட்டைக்குப் போய் வெற்றியோடு திரும்பியதை மூத்தவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வதுண்டு. அதே செயலுக்குச் சட்டம் இன்று தண்டனை விதிக்கிறது. வீட்டில் பெருமையாகவும் நீதிமன்றத்தில் குற்றமாகவும் நிற்கும் ஒன்றை இளையவர் ஒருவர் எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இம்மடலின் பொருளாகும்.

முதலில் நிலத்தை அறிய வேண்டும். இக்காட்டின் உயிர்நாடி வில்லு எனப்படும் நீர்நிலை. வேட்டையைப் பற்றிய பேச்சில் இச்சொல் வரும்போது அம்பு எய்யும் வில்லே நினைவுக்கு வரக்கூடும் என்பதால், இங்கே வில்லு என்பது மணல் விளிம்பு சூழ்ந்த, ஆழமற்ற, மனிதர் தோண்டாத இயற்கைப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி உண்டாகும் ஏரியைக் குறிக்கும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. குளம் என்பது அணை கட்டி மனிதர் ஆக்கியது. வில்லுக்கு அணையும் இல்லை, மதகும் இல்லை. வில்பத்து என்னும் பெயருக்கே ஏரிகளின் நிலம் என்று பொருள் கொள்வர். அங்கே ஏறத்தாழ 60 வில்லுகள் உள்ளன; அவற்றுள் சில நன்னீர் கொண்டவை, சில உப்புக் கரிப்பவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பெய்து நிரப்பும் நீர், வைகாசி முதல் புரட்டாசி வரையான வறண்ட மாதங்களில் நாளுக்கு நாள் சுருங்க, சுருங்கிய கரையில் புதிய புல் முளைக்க, அந்தப் புல்லையும் எஞ்சிய நீரையும் தேடிச் சுற்றியுள்ள காடு முழுவதிலும் இருந்து விலங்குகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. மலைப் பள்ளத்தாக்குகள் உள்ள நாடுகளில் வேட்டைக்காரர் உயரத்தில் ஏறி நின்று சரிவுகளைக் கண்ணால் துழாவி மானைத் தேடுவர். சமதளமான இந்தக் கரையோரக் காட்டிலோ பத்து அடிக்கு அப்பால் பற்றை மறைப்பதால், மானைத் தேடிப் போவதைவிட மான் வந்தே ஆக வேண்டிய நீரை அறிந்து காத்திருப்பதே வழி.

அங்கு வாழும் மான் வகைகளையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். கூட்டமாக மேய்வது புள்ளிமான்; செம்பழுப்பு உடலில் வாழ்நாள் முழுவதும் மறையாத வெண்புள்ளிகள் கொண்டது. மரை என்பது அதைவிட இரண்டு மூன்று மடங்கு பாரமான, கரும்பழுப்பு நிறமான பெரிய மான். தனித்தோ சிறு குழுவாகவோ, பெரும்பாலும் இரவிலும் அந்தியிலும் நடமாடுவது. தமிழ்நாட்டு நூல்களில் கடமான் என்று எழுதப்படுவது இதுவே. பிரித்தானியர் இதை வேறொரு பெரிய மானின் பெயரால் ‘எல்க்’ என்று தவறாக அழைத்தமையால் பழைய ஆங்கில நூல்களைப் படிப்பவர் குழப்பமடைவதுண்டு. முயலளவே உள்ள சருகுமான் உண்மையான மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதற்குக் கொம்பும் இல்லை. மாட்டின் கொம்பு விழுவதில்லை; மானின் கொம்போ எலும்பாலானது, ஆண்டுதோறும் உதிர்ந்து, மென்மையான மயிர்த்தோல் போர்த்த முளையாக மீண்டும் வளர்ந்து, பின்னர் அத்தோல் உரிந்து கூர்மை பெறுவது. ஆகவே காட்டில் கிடக்கும் ஒரு கொம்பு, அங்கே ஒரு மான் கொல்லப்பட்டது என்பதற்குச் சான்றாகாது.

இனி, வேட்டையின் பெரும்பகுதியாகிய காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மானின் கண், அசையாத உருவத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதன் காது கூர்மையானது. அதன் மூக்கோ இவ்விரண்டையும் விஞ்சியது. மனித வாடையை ஒருமுறை உணர்ந்துவிட்டால், மான் முன்காலால் நிலத்தைத் தட்டி, வாலை உயர்த்தி அதன் வெள்ளை அடிப்புறத்தைக் காட்டி, கூரிய குரல் எழுப்பி ஓடிவிடும். அதன் பிறகு அன்றைய பொழுதுக்கு அந்த வில்லில் காத்திருப்பதில் பயனில்லை. எனவே வேட்டைக்காரர் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் காற்றே முடிவு செய்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், மேற்கிலிருந்து வரும் கச்சான், கிழக்கிலிருந்து வரும் கொண்டல், வடக்கிலிருந்து வரும் வாடை என்று தமிழ்க் கரையோரங்களில் கடற்றொழிலாளர் சொல்லும் காற்றுப் பெயர்கள் யாவும் காட்டுக்குள் போகிறவருக்கும் அதே அளவு தேவைப்பட்டன. பாய்க்கப்பல் ஓட்டியவரும் மானுக்குக் காத்திருந்தவரும் ஒரே அறிவை இருவேறு தேவைகளுக்குப் பயன்படுத்தினர் என்பது இந்தக் கரைக்கே உரிய சிறப்பாகும். உள்நாட்டுக் காடுகளில் இப்படி ஒரு பொருத்தம் அமைவதில்லை.

இதன் காரணம் எளிது. பகலில் வெயிலால் தரை விரைவாகச் சூடேற, அதன்மேல் உள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, இது கடற்காற்று. இரவில் தரை விரைவாகக் குளிர, கடல் தன் சூட்டை நெடுநேரம் வைத்திருப்பதால், காற்று திசை மாறித் தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது, இது தரைக்காற்று. மீனவர் விடியற்காலையில் தரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போய், பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பியது இதனால்தான். வில்லுக்கரையில் இதே விதி வேறுவிதமாகப் பயன்பட்டது: வறண்ட மாதத்து மாலையில் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வருவதால், மான் நீரருந்த இறங்கும் தடத்துக்குக் கிழக்கே இருப்பவரின் வாடை மானுக்கு எட்டாது, விடியலில் காற்று கிழக்கிலிருந்து வருமாயின், அவர் மேற்குப் பக்கம் மாறியாக வேண்டும். சோளகம் வலுத்து வீசும் நாட்களில் தரைக்காற்று அமுங்கி, இரவு முழுவதும் ஒரே திசைக் காற்றே நிலைக்கும். அப்போது இடம் மாற வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கொண்டலும் வாடையும் தலையெடுத்ததும் கணக்கு முழுவதும் தலைகீழாகும். பிடி மணலை எடுத்து விரலிடுக்கில் ஒழுகவிட்டு அது சாயும் திசையைப் பார்ப்பது, ஒரு நொடி நேரத்தில் இவ்வளவையும் சரிபார்க்கும் வழி.

இத்தகைய அறிவு நூலில் எழுதப்படவில்லை. அது ஒரு மூத்தவரிடமிருந்து ஓர் இளையவருக்கு, இருவரும் அருகருகே மௌனமாக இருந்த நேரங்களில் கைமாறியது. மான் வேட்டை குடும்பத்தவர் இருவரின் செயலாக அமைந்ததற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. தனியாளால் மரையின் உடலைத் தூக்கிவர முடியாது. நான்கைந்து பேர் சேர்ந்தாலோ ஓசையும் வாடையும் பெருகிவிடும். இருவரே அளவான எண்ணிக்கை. தகப்பனும் மகனும், அல்லது மாமனும் மருமகனும் பகல் சாய்வதற்கு முன்பே வில்லுக்குப் போய், முதலில் கரையோரச் சேற்றில் தடம் பார்ப்பர்: குளம்பின் விளிம்பு கூர்மையாக இருந்தால் தடம் புதியது, விளிம்பு உலர்ந்து உதிர்ந்திருந்தால் பழையது, புழுக்கை ஈரமாய்ப் பளபளத்தால் அன்றையது, வெளுத்திருந்தால் முந்தியது. அதன் பின்னரே மரக்கவரில் பரண் கட்டுவதோ, பற்றை ஓரத்தில் மறைவு அமைப்பதோ நடக்கும். மூத்தவர் துவக்கை வைத்திருப்பார். இளையவரின் பணி பார்ப்பதும் அசையாதிருப்பதும் மட்டுமே. ஒரு நுளம்பு கன்னத்தில் அமரும்போது கையை உயர்த்தாமல் இருக்கக் கற்பதே முதற் பாடம். மந்திகள் பாலை மரத்தில் பழம் தின்னும்போது கீழே சிதறும் பழத்துக்கும் இலைக்கும் புள்ளிமான்கள் கூடும் என்பதும், மேலே இருக்கும் மந்தி சிறுத்தையைக் கண்டு குரல் கொடுத்தால் கீழே இருக்கும் மான் தலை நிமிரும் என்பதும், இவ்விரு இனங்களும் ஒன்றுக்கு மற்றொன்று காவலாய் இருக்கின்றன என்பதும் அவ்வாறு காத்திருந்த நேரங்களில் கற்கப்பட்டவையே.

வெடி தீர்ந்த பின்னும் வேலை முடிவதில்லை. இம்மாவட்டத்தில் பெருந்தொகையாய் வாழும் முஸ்லிம்களின் மார்க்கச் சட்டப்படி, இறைவன் பெயரைச் சொல்லியே வேட்டை விலங்கை நோக்கி எய்தல் வேண்டும். விழுந்த விலங்கு உயிரோடு இருக்கும்போதே எட்டிவிட்டால், உரிய முறையில் அறுக்கவும் வேண்டும். ஹஜ் கடமைக்காக இஹ்ராம் என்னும் தூய நிலையில் இருப்பவருக்கு நில விலங்குகளை வேட்டையாடுதல் முற்றாக விலக்கப்பட்டுள்ளது. உணவுக்காகக் கொல்வதற்கும் இத்தனை வரம்புகள் உண்டு என்பதை இளையவர் கவனிக்க வேண்டும். கிடைத்த இறைச்சியை அன்றே உண்டு தீர்க்க இயலாதபோது, கீற்றாக அரிந்து உப்பிட்டு வெயிலில் உலர்த்தி வத்தலாக்கினர். 1681இல் வெளிவந்த நூலில் ராபர்ட் நொக்ஸ், இலங்கைப் பழங்குடிகளான வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை நிறைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பாதுகாத்ததைக் குறித்திருக்கிறார். கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679இல் மல்வத்து ஓயா வழியாக வடமேற்குக் கரையிலுள்ள அரிப்புக்குத் தப்பி வந்த அவர், இந்தக் காடுகளின் ஓரத்தை நேரில் கண்டவர்.

இருவர் சேர்ந்து செய்யும் வேட்டையின் உச்சத்தைப் பணிக்கர்களிடம் காணலாம். பணிக்கர் என்போர் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த, யானை பிடிப்பதில் பெயர்பெற்ற முஸ்லிம்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், இவர்களுள் இருவர் மட்டும் வேறு துணையின்றி ஒரு பெரிய யானையைப் பிடிக்கத் துணிவர் என்றும், அவர்களிடம் இருந்த ஒரே கருவி மரைத்தோலாலோ எருமைத்தோலாலோ முறுக்கிய கயிறே என்றும் எழுதியுள்ளார். ஒருவன் யானையின் கவனத்தை முன்னால் ஈர்க்க, மற்றவன் பின்னங்காலில் சுருக்கை மாட்டி, கயிற்றை மரத்தில் சுற்றிவிடுவான். யானையைக் கட்டிய கயிறு ஒரு மரையின் தோலிலிருந்து வந்தது என்பது, காட்டில் ஒரு வேட்டை இன்னொரு வேட்டைக்கு எவ்வாறு கருவியாயிற்று என்பதைக் காட்டுகிறது. வில்பத்துவின் ஏரிகளுள் ஒன்று இன்றும் பணிக்கரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இக்கரையில் மனிதர் வாழ்ந்த காலம் மிக நீண்டது. காட்டுக்குள் உள்ள பொம்பரிப்பில், இறந்தோரின் எலும்புகளைத் தாழிகளில் இட்டுப் புதைத்த பெருங்கற்காலப் புதைகாடு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அதை அறிஞர் ஒப்பிட்டுள்ளனர். ஆகவே இந்தக் காட்டை மனிதர் கால்படாத கன்னிக்காடு என்று எண்ணுவது பிழை. மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அருகே வாழ்ந்தும் மான் அழியாமல் இருந்தது எவ்வாறு என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும். மக்கள் தொகை குறைவாய் இருந்ததும், மலேரியாவும், தண்ணீரின் அருமையும் பெரும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேட்டையாடியவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அக்கட்டுப்பாடு தமிழ் மரபில் எவ்வளவு ஆழமானது என்பதைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணம் காட்டுகிறது. கண்ணப்ப நாயனாரின் வரலாற்றில், முதுமையடைந்த தந்தை நாகன் தன் வேட்டைத் தலைமையை மகன் திண்ணனிடம் ஒப்படைக்க, அம்மகன் தன் முதல் வேட்டையாகிய கன்னி வேட்டைக்குப் புறப்படுகிறான். குடும்பத்தில் வேட்டை கைமாறும் நிகழ்வு தமிழில் இதைவிட விரிவாகச் சொல்லப்பட்ட இடம் அரிது. அவ்வேட்டையை வருணிக்கும்போது, அவ்வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடர்வதில்லை என்றும், சிறு குட்டிகளைக் கொல்வதில்லை என்றும், கருவுற்றுக் கால் தளர்ந்த விலங்குகளை அணுகுவதில்லை என்றும் சேக்கிழார் குறிப்பிடுகிறார். இது பக்தி நூல். வேட்டைக் கையேடு அன்று. ஆயினும் அம்புமாரி பொழியும் வருணனையின் நடுவே இந்த மூன்று விலக்குகளையும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்று ஒரு புலவருக்குத் தோன்றியிருப்பது, அவ்வொழுக்கம் அன்றைய கேட்போருக்குப் பழக்கமானதாய் இருந்தது என்பதையே உணர்த்துகிறது. புள்ளிமானின் கரு ஏறத்தாழ ஏழரை மாதம் சுமக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே குட்டி. சினைமானைக் கொல்பவர் இரண்டு தலைமுறையைக் கொல்கிறார் என்பதை அறிய உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

சிங்கள பௌத்த மரபிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. புத்தளத்திலிருந்து வடகிழக்கே, அனுராதபுரத்துக்கு அருகிலுள்ள மிகிந்தலை மலையில், பொசன் பௌர்ணமி நாளில் வேட்டைக்குச் சென்ற தேவநம்பிய தீசன் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மானைக் காண்கிறான். அறியாது நிற்கும் விலங்கை எய்வது முறையன்று என்று எண்ணி, வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்புகிறான். மான் ஓட, பின்தொடர்ந்த மன்னன் மகிந்த தேரரைச் சந்திக்கிறான். மகாவம்சம் சொல்லும் இக்கதையே இலங்கையில் பௌத்தத்தின் வருகையைக் கூறும் கதையாகும். ஒரு நாட்டின் சமய வரலாறு, கைநழுவிய ஒரு மான் வேட்டையிலிருந்து தொடங்குவதாக அந்நாட்டு மரபு சொல்வது சிந்திக்கத்தக்கது. இலங்கைச் சைவக் கோயில்களின் பெருவிழாவிலும் வேட்டைத் திருவிழா என்று ஒரு நாள் உண்டு. இறைவன் குதிரை வாகனத்தில் எழுந்தருளி வேட்டையாடுவதாகப் பாவனை செய்யப்படுகிறது.

வேட்டைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான இந்த உறவு முறிந்தது ஆங்கிலேயர் காலத்தில்தான் என்று முழுப் பழியையும் அவர்கள்மேல் சுமத்துவது நேர்மையாகாது. மான் தோலும் கொம்பும் அதற்கு முன்பே ஏற்றுமதிப் பொருள்களாயிருந்தன. ஆயினும் வேட்டை ஒரு பொழுதுபோக்காக மாறிய வேகம் அக்காலத்துக்கே உரியது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், தம் உடன்பிறந்தாரோடும் வேட்டை நாய்களோடும் மரைகளைத் துரத்திக் கத்தியால் கொன்றதை 1850களில் நூலாகவே எழுதினார். அதுவும் குடும்பத்தவரோடு செய்த வெற்றிகரமான வேட்டைதான், ஆனால் அங்கே வீட்டில் பசித்திருந்தோர் யாருமில்லை. விலங்குகள் அருகி வருவதைக் கண்டு முதலில் கவலைப்பட்டோரும் வேட்டைக்காரரே. அவர்கள் 1894இல் அமைத்த வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமே இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தாய். வில்பத்து 1905இல் சரணாலயமாயிற்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1938 பெப்ரவரியில் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. அச்சட்டம் பூங்காக்களின் ஓரத்தில் இடைநிலை வலயம் என்னும் ஒரு வகையையும் வகுத்தது. அனுமதிப் பத்திரம் பெற்றோர் குறித்த காலத்தில், குறித்த அளவில் வேட்டையாடத் தக்க நிலம் அது. அந்த வழியும் பின்னர் அடைபட்டது. இன்று மானையோ மரையையோ கொல்வது மட்டுமன்றி, அவற்றின் இறைச்சியை விற்பதும் குற்றமாகும்.

பள்ளத்தாக்கு நாட்டு மான் வேட்டையை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் வடவிளிம்பில் கைபாப் பீடபூமி உள்ளது. 1906இல் அது வேட்டை விலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, மான் வேட்டை தடுக்கப்பட்டதோடு, மானைத் தின்னும் மலைச்சிங்கம், ஓநாய் முதலியவற்றை அரசே கொன்று குறைத்தது. சில ஆயிரமாய் இருந்த மான்கள், எண்ணியவருக்கு எண்ணியவர் வேறுபடும் மதிப்பீடுகளின்படி முப்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை பெருகி, தளிரெல்லாம் தின்று தீர்த்து, 1920களின் நடுவில் பெருந்தொகையாய்ப் பட்டினியால் மடிந்தன. கால்நடை மேய்ச்சலுக்கும் அதில் பங்கு உண்டு என்று பின்னர் வந்த அறிஞர் வாதிட்டாலும், ஊனுண்ணிகள் இல்லாத இடத்தில் மானை எண்ணிக் குறைக்க யாரேனும் வேண்டும் என்ற பாடம் அந்நாட்டில் வேரூன்றியது. இலங்கையின் கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1937இல், அமெரிக்கக் காங்கிரஸ் துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டத்தை இயற்றியது. ஆகவே அங்கே ஒரு தந்தை தன் பிள்ளையோடு உரிமச்சீட்டு பெற்று ஒரு மானை வீழ்த்துவது சட்டத்துக்குள் நிற்கும், கணக்கில் எழுதப்படும் செயல்.

அதே வாதத்தைப் புத்தளத்துக்குப் பெயர்த்து நடுவது பொருந்தாது. வில்பத்துவில் சிறுத்தை இருக்கிறது. இலங்கையில் சிங்கமும் புலியும் இல்லாமையால் அதுவே காட்டின் தலைமை ஊனுண்ணி. புள்ளிமானே அதன் முதன்மை உணவு. மானைக் குறைக்கும் பணியை அது செய்துகொண்டிருக்கும்போது, மனிதர் எடுக்கும் ஒவ்வொரு மானும் சிறுத்தையின் பங்கிலிருந்தே எடுக்கப்படுகிறது. மேலும், 1,300 சதுர கிலோமீற்றருக்குச் சற்றே மேற்பட்ட இந்தப் பூங்காவைச் சுற்றிலும் இன்று ஊர்களும் வயல்களும் வீதிகளும் நெருங்கிவிட்டன; பாட்டனார் காலத்துக் காட்டுக்கு இருந்த பரப்பு இதற்கு இல்லை. போரினால் 1980களில் மூடப்பட்டு, 2003இல் திறக்கப்பட்டு, 2006இல் கண்ணிவெடிக்குப் பார்வையாளர் பலியானதால் மீண்டும் மூடப்பட்டு, 2010இல் மறுபடி திறக்கப்பட்ட காடு இது. அவ்வளவையும் கடந்து எஞ்சியிருக்கும் மந்தைகளே இன்று வில்லுக்கரைக்கு வருகின்றன. தடையைச் சட்டத்தின் கொடுமை என்று சொல்லும் பெரியவர்கள் இம்மாவட்டத்தில் உண்டு. அவர்களுடைய அறிவை மதிப்பவர், இந்த ஒரு முடிவில் அவர்களோடு மாறுபட்டே ஆக வேண்டும்.

வருத்தத்துக்குரியது என்னவெனில், தடை வந்த பின் அறிவுள்ள வேட்டை மறைந்து, அறிவில்லாத கொலை மறைவில் தொடர்வதுதான். கட்டுத்துவக்கு என்பது விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே நூல் கட்டி, அது தடுக்கியதும் தானே வெடிக்குமாறு பொருத்தப்படும் துவக்கு. அதற்கு மரையும் தெரியாது, விறகு பொறுக்க வந்த மனிதரும் தெரியாது. கம்பிக் கண்ணியும் அவ்வாறே. 2020 மே மாதம் மலையகத்தின் நல்லதண்ணியில், இலங்கையில் மிக அரிதாகிய ஒரு கருஞ்சிறுத்தை இத்தகைய கண்ணியில் சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. பழத்துக்குள் வெடிமருந்தை மறைத்துப் பன்றிக்கு வைக்கும் வெடி, யானைக்கன்றின் தாடையைச் சிதைத்து, அது தின்ன முடியாமல் பல நாள் துடித்துச் சாகக் காரணமாகிறது. சினையா, குட்டியா, ஆணா, பெண்ணா என்று பார்த்த கண் இங்கே இல்லை. காற்றைப் பார்த்தவரும் இல்லை, பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டவரும் இல்லை. கண்ணியைக் கட்டிவிட்டு வீட்டில் தூங்குபவரைப் பழைய வேட்டைக்காரரின் வழிவந்தவர் என்று கொள்வது, அம்மூத்தவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

மகளே, காத்திருக்கவும் தடம் பார்க்கவும் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் சில வீடுகளில் உண்டு. அவர்களிடம் கேட்டறிய வேண்டியது எத்தனை மான் விழுந்தது என்பதைவிட, எந்த மாதத்தில் எந்த வில்லில் நீர் முதலில் வற்றும், எந்தப் பழம் எப்போது உதிரும், எந்தக் குரல் சிறுத்தைக்கு, எந்தக் குரல் பாம்புக்கு என்பவையே. எலுவன்குள நுழைவாயில் வழியாக அனுமதி பெற்று வண்டியில் செல்பவர், விடியலில் மணற்பாதையைக் கவனித்தால் இரவின் கணக்கு முழுவதும் அங்கே எழுதப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஐந்து சதம மீற்றர் நீளமான, முனை கூர்ந்த இரட்டைக் குளம்பு புள்ளிமானுடையது. அதே வடிவில் ஒன்றரை மடங்கு பெரியது மரையுடையது. பின்பக்கம் இரு சிறு புள்ளிகள் அகன்று பதிந்திருந்தால் அது பன்றி. கட்டைவிரல் நகமளவே இருந்தால் சருகுமான். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பதிந்திருக்கும்போது, எது மேலே உள்ளதோ அதுவே பின்னால் வந்தது; மான்தடத்தின்மேல் நகமற்ற வட்டப் பாதம் பதிந்திருந்தால், சிறுத்தை அதைத் தொடர்ந்திருக்கிறது. வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. மணலைப் படிக்க இறங்க வேண்டிய தேவையும் இல்லை.

மாலையில் வில்லுக்கரைக்கு வருபவர் இன்னும் ஒன்றை நேரில் உணரலாம். கடற்காற்று தணிந்து, தரைக்காற்று இன்னும் எழாத ஒரு சிறு பொழுது உண்டு. சோளகம் ஓய்ந்த நாட்களில் அது நன்றாகப் புலப்படும். அப்போது புல்லின் நுனி அசைவதில்லை, நீரில் வரி இல்லை, வாடை எந்தப் பக்கமும் போகாமல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மூத்தவரும் இளையவரும் மூச்சை அடக்கி இருந்த பொழுது அதுதான். முதலில் ஒரு பெண்மான் காட்டின் ஓரத்தில் நின்று, காதுகளை முன்னும் பின்னும் திருப்பி, ஒரு முன்காலை உயர்த்தியபடி நெடுநேரம் பார்க்கும். பிறகு அது காலை ஊன்றி இறங்க, பின்னால் நின்ற கூட்டம் ஒவ்வொன்றாய் வெளியே வரும்.